கூடாரம் அடிக்க ஓர் இடம்

முப்பது வயது நெருங்கும்போது கிளியனூர் சூசை மேரிக்கு ஓர் ஆசை வந்தது. நகை ஆசை இல்லை, மாடி வீட்டு ஆசை இல்லை. காட்டுக்குள் கூடாரம் அடித்து, அதில் தூங்கி எழுந்திருக்க வேண்டும் என்ற ஆசை. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரித்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்கள்.

திண்டிவனத்தில் சென்னை ரோட்டோரம் ராஜாமணி என்பவர் வைத்திருந்த தார்ப்பாய்க் கடையில் அவள் தையல்காரி. லாரிக்கு மேலே போர்த்துகிற தார்ப்பாய், மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளை மழைக்கு மூடுகிற தார்ப்பாய், எல்லாம் அங்கே தைத்தார்கள். பாதி வேலை கனத்த மெஷினில் ஓடும். மீதிப் பாதியைக் கோணி ஊசியும் மெழுகு தடவிய நூலுமாகக் கையால்தான் முடிக்க வேண்டும். காலையில் பாண்டி பஸ்ஸில் வந்து சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவாள். அவள் புருஷன் பாக்கியசாமி ரைஸ் மில்லில் மெஷின் ஓட்டுகிறவர். ஒரே பெண் ஜாக்குலின் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

தொண்ணூற்று மூன்று. விழுப்புரம் தனி மாவட்டம் ஆகிவிட்டது, இனி எதற்கும் கடலூர் வரைக்கும் அலைய வேண்டாம் என்று டீக்கடை டீக்கடையாகப் பேசிக்கொண்டிருந்த நேரம். மழைக்காலம் பிடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் சாரணர் மாஸ்டர் ஒருவர் மாட்டுவண்டி நிறையப் பச்சைக் கேன்வாஸ் மூட்டைகளைக் கொண்டுவந்து கடைவாசலில் இறக்கினார். எல்லாம் எலி கடித்த ஓட்டை. ஒட்டுப் போட்டுத் தர வேண்டும்.

“இது இன்னா சார், லாரிக்குப் போடுறதா?” என்று கேட்டாள் மேரி.

“இல்லம்மா, கூடாரம். பசங்களைக் கூட்டிக்கினு காட்டுக்குப் போவோம். அங்க இத அடிச்சி, உள்ள படுத்துக்குவோம்.”

“ஏன் சார், அவங்களுக்கு வூடு இல்லியா?”

“வீடு இருக்கும்மா.”

“அப்புறம் எதுக்கு சார் காட்ல போயி படுக்கணும்?”

மாஸ்டர் சிரித்துவிட்டார். “ஒரு தடவ போயிப் பாத்தாத்தாம்மா தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

ஒட்டுப் போட்டு முடித்தபின் தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கூடாரத்தைக் கடைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். மேரி குனிந்து உள்ளே போனாள். வெளியே லாரிகள் அலறிக்கொண்டு போயின. உள்ளே வெயில் பச்சையாக இறங்கியிருந்தது. பழைய கேன்வாஸில் புகை வாசனையும் ஏதோ இலை வாசனையும் கலந்து வந்தன. எந்தக் காட்டில் ஒட்டிக்கொண்ட வாசனையோ. தையலைப் பார்க்கப் போனவள் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஏ மேரி, உள்ளயே குடித்தனம் பண்றியா?” என்று ராஜாமணி கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து கடையில் வெட்டி மிஞ்சும் துண்டுகளை அவள் கேட்டு வாங்க ஆரம்பித்தாள். “குப்பைதானே, அள்ளிக்கினு போ” என்றார் ராஜாமணி. காக்கித் துண்டு, நீலத் துண்டு, மஞ்சள் துண்டு, வெயிலில் வெளுத்து என்ன நிறமென்றே சொல்ல முடியாத துண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு வேலையும் ஆன பிறகு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பாள். வேகமாக நடக்கிற வேலை இல்லை. ஒரு மாதம் தைப்பாள், இரண்டு மாதம் மறந்திருப்பாள். துண்டுகளில் ஒன்று ஏதோ லாரியின் பழைய தார்ப்பாய். அதில் பெரிய வெள்ளை எழுத்தில் ‘முருகன் துணை’ என்று இருந்தது. அந்தத் துண்டுதான் நல்ல கெட்டி. அதனால் அதைக் கூடாரத்தின் நெற்றியில் வைத்துத் தைத்துவிட்டாள்.

“சூசையப்பர் பேரு வச்சவ கூடாரத்துல முருகன் துணையா?” என்றார் பாக்கியசாமி.

“இருக்கட்டுமேண்ணா, காட்டுக்குப் போறீங்க, எங்க சாமியும் ஒரு தொணைக்கு வரட்டும்” என்றாள் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி.

கிருஷ்ணவேணி விவசாயக் குடும்பம். ரோட்டுக்கு மேற்கே சொந்த நிலம், மல்லாட்டையும் கேப்பையும் போடுவார்கள். மேரியை விட நாலைந்து வயது மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு தாராளம். மேரியின் ஆசையைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். சிரிக்காததற்குக் காரணமும் சொன்னாள்: “கல்யாணம் ஆயி வந்த நாள்லேர்ந்து நான் எங்க கொல்லையத் தவிர எங்கியும் படுத்து எழுந்ததில்லடி. காடுன்னா காடு, எங்கியோ ஒரு எடம்.”

கூடாரம் முடிந்ததும் முதலில் அடித்தது கிருஷ்ணவேணியின் நிலத்தில்தான். மல்லாட்டை பிடுங்கி முடித்த வெறும் நிலம். நாலு கழி நட்டு, கயிறு இழுத்துக் கட்டி, ஜாக்குலினையும் உள்ளே உட்கார வைத்து, கேப்பைக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரோட்டில் போன ஓர் அம்மாள் வரப்பேறி வந்தாள். கூடாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வைத்தியரு எப்ப வருவாரு?” என்று கேட்டாள்.

“எந்த வைத்தியரு?”

“மூட்டு வலிக்கு எண்ண விக்கிறவங்கதானே நீங்க?”

கிருஷ்ணவேணி களி புரையேறும் வரை சிரித்தாள். அந்த அம்மாள் போன பிறகு அடுத்தவர் வந்தார். சர்க்கஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு பாக்கியசாமி வந்து, அடுப்பில் பால் பொங்கி வழிகிறது என்றார். மேரி கயிற்றை அவிழ்த்தாள்.

“வூட்லேர்ந்து கூப்டா கேக்குற தூரத்துல அடிச்சா இது கூடாரம் இல்லக்கா, பந்தலு” என்றாள். “நெசமாவே காடா ஓர் எடம் பாக்கணும்.”

அவர்களுக்கு அப்போது தெரியாது, இடம் கிடைப்பதுதான் கூடாரம் தைப்பதை விடக் கஷ்டம் என்று.

காடு என்றால் எங்கே போவது? முதலில் கைக்கெட்டிய இடமாகப் பார்ப்போமே என்று திண்டிவனத்தில் இருந்த ஒரு சின்னப் பூங்காவுக்குப் போய் விசாரித்தார்கள். இரண்டு பாதாம் மரம், சிமென்ட் பெஞ்சுகள், ஒரு பழைய ரேடியோ அறை. காவல்காரர் நல்ல மாதிரி. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“இங்க நடக்கலாம், ஒக்காரலாம், மல்லாட்டை தின்னலாம்” என்றார். “படுக்கக் கூடாதும்மா. படுத்தா எழுப்பறதுதான் என் வேலையே.”

அடுத்தது வீடூர் அணை. காணும் பொங்கலன்று ஊரே அங்கேதான் இருந்தது. பூச்செடிகள், சறுக்கு மரம், ஊஞ்சல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கட்டுச்சோறு. ஜாக்குலின் சறுக்கு மரத்தை விட்டு இறங்கவே இல்லை. மேரிக்கும் அந்த இடம் பிடித்திருந்தது. அணைக்கரை மேல் நின்று பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வானம் வரைக்கும் வெட்டவெளி. இங்கேயே ஓர் ஓரமாக அடித்துவிடலாம் என்று கழியை நட இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது விசில் சத்தம் கேட்டது. பொழுது சாய்ந்தால் எல்லாரும் வெளியே போய்விட வேண்டுமாம்.

“தண்ணி இருக்குற எடம்மா” என்றார் விசில்காரர். “பகல்ல உங்க பொறுப்பு, இருட்டிட்டா எங்க பொறுப்பு. எங்களுக்கு அந்தப் பொறுப்பு வேணாம்.”

சரி, பூங்கா வேண்டாம், காட்டுக்கே போவோம் என்று செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மேரி, கிருஷ்ணவேணி, கழியையும் கூடார மூட்டையையும் தலையில் சுமந்தபடி பாக்கியசாமி. பாறையும் முள்ளுமாக இருந்த காட்டுக்குள் கொஞ்ச தூரம் போவதற்குள் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கை காட்டிக் கூப்பிட்டார். வனக்காவலர். பெயர் கோதண்டபாணி என்று பிறகு தெரிந்தது.

மூட்டையைப் பார்த்ததும் அவர் முதலில் நினைத்தது வெட்டிய விறகு என்று. பிரித்துக் காட்டச் சொன்னார். பாக்கியசாமி அவசரமாகப் பிரித்தார். நீலமும் மஞ்சளுமாகக் கூடாரம் விரிந்து, ‘முருகன் துணை’ மேலே வந்தது. கோதண்டபாணி அதைப் படித்தார், மேரியின் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார், மறுபடியும் கூடாரத்தைப் பார்த்தார்.

“யாரும்மா நீங்க?”

மேரி எல்லாவற்றையும் சொன்னாள். ஊர்ப் பூங்காவில் படுக்கக் கூடாது என்றதையும், அணையில் விசில் அடித்ததையும் சேர்த்து. கோதண்டபாணிக்குக் கோபம் போய், ஒரு பாறை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாம் மரந்தான், ஆனா எல்லாம் ஒண்ணு இல்லம்மா” என்றார். “ஊருக்குள்ள இருக்குறது ஊர்க்காரங்க காத்து வாங்குறதுக்கு. அணைப் பூங்கா பகல்ல வந்து சாப்ட்டுட்டுப் போறதுக்கு. சரணாலயம்னு ஒண்ணு இருக்குது, அது பறவைக்கும் மிருகத்துக்கும். நாம எட்ட நின்னு பாக்கலாம், அவ்ளோதான். இப்ப நீங்க நிக்கிறது காப்புக்காடு. இதுல அனுமதி இல்லாம நொழையவே கூடாது. படுக்கிறது எங்க?”

“அப்ப மனுஷன் படுக்குறதுக்குன்னு ஓர் எடமும் இல்லியா சார்?”

கோதண்டபாணி யோசித்தார். “ஒண்ணு இருக்குது. கல்வராயன் மலைல புங்கமேடுன்னு ஓர் ஊரு. ஊரத் தாண்டி ஓடைக்கரைல மேடு கட்டி, சமமா வச்சிருக்காங்க. டிரெயினிங்குக்கு வர்ற பசங்க அங்கதான் கூடாரம் போடுவாங்க. ஆபீஸ்ல அனுமதி வாங்கிக்கினு போனா யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல முடியாது.”

மேரிக்கு அந்தப் பெயரே இனித்தது. புங்கமேடு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அனுமதிக்காக அலைந்த கதை தனிக் கதை. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவரிடம் இருந்த கேள்விகளில் மேரிக்குப் பொருந்துவதாக ஒன்றுகூட இல்லை.

“எந்த ஸ்கூலு?”

“ஸ்கூல் இல்ல சார்.”

“காலேஜா?”

“இல்ல சார்.”

“அப்ப எந்த சங்கம்?”

“குடும்பம் சார். நானு, எங்க வூட்டுக்காரரு, பொண்ணு, பக்கத்து வூட்டு அக்கா.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “குடும்பத்துக்கு இதுல வழியே இல்லியேம்மா. குடும்பமா எதுக்கு அங்க வர்றீங்க?”

பாக்கியசாமிக்கு அதோடு விட்டுவிடலாம் என்று இருந்தது. “வூட்டுக் கூரை ஒழுவுது, அத வுட்டுட்டுக் காட்டுல போயி கூரை போடணுமா? சும்மா பேஜாரு பண்ணாத” என்றார். மேரி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவரே ஏணி போட்டு ஏறி, கடையில் கிடைத்த தார்ப்பாயை வைத்து வீட்டுக் கூரையைச் சரி பண்ணினார். “இப்ப சொல்லு, இன்னா பண்ணலாம்?” என்று கீழே இறங்கி வந்து கேட்டார்.

வழி கிருஷ்ணவேணியிடமிருந்து வந்தது. அப்போதுதான் ஊர் ஊராக மகளிர் குழுக்கள் ஆரம்பித்துக்கொண்டிருந்த காலம். கிளியனூரிலும் ஒன்று இருந்தது, கிருஷ்ணவேணிதான் தலைவி. “சங்கம்தானே கேக்குறாங்க? நாம இன்னா, சங்கம் இல்லியா?” என்றாள்.

மாதா கோயில் மைதானத்தில் குழுக் கூட்டம் நடந்தபோது மேரி எழுந்து விஷயத்தைச் சொன்னாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சவுரியம்மாள் என்ற மூத்தவள்தான் கேட்டாள்:

“அங்க இன்னா கோயில் இருக்குது?”

“கோயில் இல்ல பெரியம்மா.”

“கட கண்ணி?”

“அதுவும் இல்ல.”

“அப்ப இன்னாதான் இருக்குது?”

“மரம் இருக்குது. ஓட இருக்குது.”

“ஏன், மரம் இங்க இல்லியா?”

கிருஷ்ணவேணி எழுந்தாள். “அங்க போனா ரெண்டு நாளைக்கு யாரும் நம்மள டீ போடச் சொல்ல மாட்டாங்க” என்றாள்.

சவுரியம்மாள்தான் முதலில் கை தூக்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும்.

குழுவின் பேரில் அனுமதி கிடைத்து, தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம் மே மாதம் அவர்கள் கிளம்பினார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஜாக்குலின், கூடவே பாக்கியசாமி. பொம்பளைகளைத் தனியாக அனுப்ப முடியாது என்று அவர் சொல்லிக்கொண்டார். வீட்டில் சமைக்க ஆள் இல்லாததால்தான் வருகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். விழுப்புரத்தில் ஒரு பஸ், கள்ளக்குறிச்சியில் ஒரு பஸ், கச்சிராயபாளையம் தாண்டியதும் வண்டி மலையேற ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு சவுரியம்மாள் செபமாலையை இறுக்கிப் பிடித்தாள். மேலே போகப் போகக் காற்று மாறியது. கீழே விட்டு வந்த வெயில் யாருடையதோ என்று ஆகிவிட்டது.

புங்கமேட்டில் இறங்கியதும் பச்சைமுத்து என்பவர் எதிரே வந்தார். ஊரின் வனக்குழுத் தலைவர். அனுமதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “வாங்க வாங்க, எடத்தக் காட்டுறேன். ஆனா நாளைக் காலம்பற எங்க அக்கா மக சித்ராவுக்குக் கல்யாணம். ஊரே அதுல இருக்கும். உங்களக் கவனிக்க ஆளு இருக்காது, மனசுல வச்சிக்காதீங்க” என்றார்.

“எங்கள யாரும் கவனிக்கக் கூடாதுன்னுதான் வந்திருக்கோம்” என்றாள் கிருஷ்ணவேணி.

கோதண்டபாணி சொன்னது பொய்யில்லை. ஓடை சலசலவென்று பாறை மேல் இறங்கிப் போனது. கரையில் புல் முளைத்த சமதரை, சுற்றிலும் மூங்கிலும் கடுக்காய் மரமும். மேரி மளமளவென்று கழி நடச் சொன்னாள். குழுவில் மற்றவர்களுக்கு ராஜாமணி கடையிலிருந்து இரண்டு சின்னத் தார்ப்பாய் கடன் வாங்கி வந்திருந்தாள். நடுவில் அவளுடைய கூடாரம், இரண்டு பக்கமும் தார்ப்பாய்க் கூரை. பாக்கியசாமி மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்.

உலை கொதிப்பதற்குள் மேற்கே வானம் கறுத்தது.

கோடை மழை மலையில் எப்படி வரும் என்று சமவெளிக்காரர்களுக்குத் தெரியாது. முதலில் காற்று வந்தது. மூங்கில் எல்லாம் தரையைத் தொட்டு எழுந்தன. அப்புறம் மழை, ஆலங்கட்டியோடு. எல்லாரும் மேரியின் கூடாரத்துக்குள் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்துகொண்டார்கள். கூடாரம் ஆடியது, முனகியது, ஆனால் நின்றது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. சவுரியம்மாள் செபம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் ஜாக்குலின் கிச்சுக்கிச்சு மூட்டியதில் சிரித்துவிட்டாள்.

மழை விட்டபோது பொழுது இன்னும் இருந்தது. ஊர்ப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார்கள். கல்யாணத்துக்குப் போட்டிருந்த தழைப் பந்தல் முழுதாக விழுந்து கிடந்தது. மூங்கில் கால்கள் மட்டும் நின்றன. மேலே பரப்பிய தழை எல்லாம் காற்றோடு போய் ஓடையில் மிதந்தது. வானம் இன்னும் தெளியவில்லை, காலைக்குள் மறுபடியும் கொட்டும் என்று ஊரார் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த மலையிலிருந்து நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள். மணப்பெண் சித்ரா வாசலில் நின்று பந்தல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாதான் அழுதவள்.

கடன் வாங்கி வந்த இரண்டு தார்ப்பாயையும் மேரி உடனே கொண்டுவரச் சொன்னாள். பந்தல் கால் மேல் விரித்துப் பார்த்தார்கள். இரண்டு ஓரமும் மூடியது. நடுவில், மணவறை வருகிற இடத்தில், வானம் தெரிந்தது. கூடாரத்தை அப்படியே தூக்கிப் போடலாமென்றால் அது கூம்பாகத் தைத்தது, விரியாது.

மேரி கொஞ்ச நேரம் அந்த ஓட்டையைப் பார்த்தாள். “பிளேடு யாராவது வச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

பாக்கியசாமிக்குப் புரிந்துவிட்டது. அவர்தான் பதறினார். “ஏ மேரி, எத்தினி வருஷம் தச்சது! ஒரு நாளுகூட உள்ள படுக்கல. வேற எதுனா பாக்கலாம்.”

“தச்சவ நான்தானே? பிரிக்கவும் எனக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டாளே தவிர, முதல் தையலில் பிளேடு வைத்தபோது அவள் கை நின்றது. கிருஷ்ணவேணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கொடுத்தாள். நூல் பட்பட்டென்று அறுந்தது. குழுப் பெண்களும் ஊர்ப் பெண்களுமாக ஆளுக்கொரு பக்கம் பிரித்தார்கள். கூம்பு தட்டையானது. பாக்கியசாமியும் பச்சைமுத்துவும் மூங்கில் மேல் ஏறி இழுத்துக் கட்டினார்கள்.

அன்று இரவு எல்லாரும் ஊர்க்காரர்கள் வீடுகளில் படுத்தார்கள். ஊரார் சொன்னபடியே காலையில் மறுபடியும் மழை வந்தது. பந்தலுக்குள் ஒருவரும் நனையவில்லை. மணவறைக்கு நேர் மேலே பெரிய வெள்ளை எழுத்தில் ‘முருகன் துணை’ என்று இருந்ததை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் நிமிர்ந்து பார்த்து, பச்சைமுத்துவிடம், “பந்தலுக்கு நல்லா செலவு பண்ணியிருக்கீங்க” என்றார். பாக்கியசாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை அடக்க. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பரிமாறினார்கள். சவுரியம்மாள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கல்யாணம் முடிந்ததும் சித்ரா நேராக மேரியிடம் வந்தாள். தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி மேரியின் தலையில் வைத்தாள்.

அன்று மத்தியானம் முழுக்கத் தையல் நடந்தது. கோணி ஊசி கொண்டுவந்திருந்ததோ ஒன்றுதான். ஊரில் சாக்குத் தைக்க வைத்திருந்தவையும் சில கிடைத்தன. ஓடைக்கரையில் வட்டமாக உட்கார்ந்து, கிளியனூர்க்காரிகளும் புங்கமேட்டுக்காரிகளும் கலந்து, பிரித்ததைத் திரும்பத் தைத்தார்கள். ஒவ்வொருவர் தையலும் ஒவ்வொரு மாதிரி. கூடாரம் கொஞ்சம் கோணலாகத்தான் எழுந்தது. மேரிக்கு அது பழையதை விட அழகாகத் தெரிந்தது.

மறுநாள் விடியும்போது அவள் அதற்குள்ளிருந்து கண் விழித்தாள். முதுகுக்குக் கீழே ஒரு கல் இரவெல்லாம் உறுத்தியிருந்தது. மூக்கு நுனி சில்லிட்டிருந்தது. ஒரு பக்கம் ஜாக்குலின், மறுபக்கம் கிருஷ்ணவேணியின் குறட்டை. வெளியே ஏதோ பறவை, விசில் அடிக்கிற மாதிரி, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லியது. நீலத் துண்டு வழியே நீலமாகவும் மஞ்சள் துண்டு வழியே மஞ்சளாகவும் வெளிச்சம் மெல்ல வந்தது. மேரி எழுந்திருக்கவில்லை. எழுந்து செய்ய ஒரு வேலையும் இல்லை என்பது மெதுவாக நினைவுக்கு வந்ததும், போர்வைக்குள்ளேயே தனியாகச் சிரித்தாள். வெளியே யாரோ டீ போடுகிற வாசனை வந்தது. எட்டிப் பார்த்தாள். பாக்கியசாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் அவர்கள் போனார்கள். சில வருஷம் கழித்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற முகாமாகப் புங்கமேட்டை ஊர்க்காரர்களே நடத்தலாம் என்று ஏற்பாடானது. கூடாரங்கள் எங்கே வாங்குவது என்று பேச்சு வந்தபோது பச்சைமுத்து ஒரே பிடியாக நின்றார்: “கிளியனூரு அம்மா தைப்பாங்க.” ராஜாமணி கடையிலேயே அந்த வேலை நடந்தது. ராஜாமணிக்கு வயதாகி, மகனோடு போய் இருக்கக் கிளம்பியபோது கனத்த மெஷினை மேரியிடமே விட்டுவிட்டுப் போனார். இப்போது அது கிளியனூரில் அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஓடுகிறது. வானூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள்.

முகாமுக்கு விதிகள் போடுகிற கூட்டத்துக்கு மேரியையும் கூப்பிட்டிருந்தார்கள். ரேடியோ அலறக் கூடாது, பாட்டில் உடைக்கக் கூடாது, ஓடையில் சோப்புப் போடக் கூடாது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். மேரி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:

“வர்றவங்கள எந்த ஸ்கூலு, எந்த சங்கம்னு கேக்கக் கூடாதுங்க. சும்மா குடும்பமா வந்தோம்னு சொன்னா உள்ள வுடணும்.”

அப்படியே வைத்தார்கள். கொத்தனார் குடும்பங்கள் வந்தன, விழுப்புரம் பக்கத்துக் காணையிலிருந்து கரும்பு வெட்டு முடித்தவர்கள் வந்தார்கள், கல்யாணமான புதிதில் வந்தவர்கள் அடுத்த தடவை குழந்தையோடு வந்தார்கள். பாக்கியசாமி மில் வேலையிலிருந்து நின்றதும் மே மாதம் முழுக்க அங்கேயே முகாம் சமையல்காரர் ஆகிவிட்டார். ஜூன் பிறந்தும் இறங்கி வரவில்லை என்று மேரியே பஸ் ஏறிப் போய்க் கூட்டி வந்த வருஷமும் உண்டு.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு நாள் பச்சைமுத்துவிடமிருந்து போன் வந்தது. “எங்க ஊர்க்காரங்க உங்க ஊரு பாக்கணும்னு சொல்லிக்கிட்டிருக்காங்க. வரலாமா?”

“இதுக்குக் கேக்கணுமாண்ணா? மாதா கோயில் திருவிழாவுக்கு வந்துடுங்க” என்றாள் மேரி.

ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அத்தனை பேரை வைக்க எந்த வீட்டிலும் இடமில்லை. சவுரியம்மாள் பங்குச் சாமியாரிடம் பேசி, மைதானத்தில் கூடாரங்கள் எழுந்தன. மலைக்காரர்கள் சமவெளியில் முகாம் போட்டார்கள். ஜாக்குலின் தன் புருஷனோடு வந்து எல்லாருக்கும் கயிறு கட்டிக் கொடுத்தாள். தேர் சுற்றி வந்ததைப் புங்கமேட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பச்சைமுத்து மட்டும் விசிறியைக் கீழே வைக்கவில்லை. “எப்டிம்மா இந்த வெக்கையில குடித்தனம் பண்றீங்க?” என்று பார்ப்பவரிடமெல்லாம் கேட்டார்.

“நாளைக்கு உங்களுக்கு நல்ல காத்து காட்டுறேன்” என்றாள் கிருஷ்ணவேணி.

மறுநாள் காலை அதே வேனில் மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக்குப் போனார்கள். சித்ரா உட்படப் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. சவுக்குத் தோப்பைத் தாண்டி மணல் மேட்டில் ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது. பச்சைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். அலை முழங்காலைத் தட்டியதும் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்து, முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

“இவ்ளோ தண்ணியும் உப்பா?” என்று கரையைப் பார்த்துக் கத்தினார்.

“முழுக்க!” என்று பதிலுக்குக் கத்தினாள் மேரி.

அவர் நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் அங்கே ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். அங்கேயும் உப்புதான். சித்ராவின் பிள்ளைகளும் ஓடிப் போய் ஆளுக்கொரு இடத்தில் அள்ளி நக்கிப் பார்த்து, “இங்கியும் உப்பு! இங்கியும் உப்பு!” என்று கூவினார்கள். மேரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, அவர்களோடு தண்ணீரில் இறங்கினாள்.